சொந்தக்காரர் இல்லாத தலைநகரம்

1

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் நீலக்கோட்டு மெத்ரோ, பேந்து செம்மஞ்சள், பேந்து மஞ்சள். ஆற்றுக்கு அடியால் போய் லொங்குய்யில் வெளியே வந்தால் எங்கட கட்டடம். அங்கே மின்குமிழ் மாற்றுவது, குழாய் திருத்துவது, மக்கர் பண்ணுகிற கதவுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் என்னுடைய பாடு. வாசல் மேசையில் இருக்கிறவ ஜினெத். கெபெக்கிலேயே பிறந்து வளர்ந்த மனிசி. நான் ஐரோப்பா போய்வந்தால் உடுப்பு மாற்ற முதலே பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பா: "என்ன பாத்தனீங்கள்?"

முதல் தரம் போய்வந்தபோது, "மாமாவைப் பாத்தனான்" என்றேன். இரண்டாம் தரம், "சித்தியைப் பாத்தனான், முழங்கால் ஏலாமல் இருக்கிறா" என்றேன். மூன்றாம் தரமும் நாலாம் தரமும் இதே கதைதான். ஐரோப்பாவில் இருக்கிற என் சொந்தக்காரரின் முழங்கால், சீனி, பிரஷர் எல்லாம் ஜினெத்துக்கு அத்துப்படி. ஒரு கோபுரம், ஒரு பாலம் என்று அவ என் வாயால் கேட்டதே இல்லை.

இந்த முறை சொன்னேன்: "லக்சம்பேர்க் பாத்தனான். முழு நாளும் மழை."

மனிசி கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "ஆர் இருக்கினம் அங்க?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன். அதுதான் இந்தக் கதை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேணும். வெளிநாட்டுக்காரர் என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறோம் என்று நினைப்பீர்கள். சத்தியமாக இல்லை. எங்களுக்கு ஐரோப்பாவைச் சோபாக்களாகத்தான் தெரியும். பரிஸ் என்றால் மச்சான் வீட்டு மண்ணிறச் சோபா. லண்டன் என்றால் பிளாஸ்ரிக் உறை கழற்றாத சோபா, இருந்தால் கீச்சிடும். ஈபிள் கோபுரத்தை நான் பார்த்தது, மச்சான் மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் கார் விட இடம் தேடிச் சுற்றிய நேரம், இரண்டு கட்டடத்துக்கு நடுவால், மூன்று செக்கன்.

சட்டம் அப்படி. ஒரு நாட்டுக்குப் போனால் அங்கே இருக்கிற அத்தனை வீட்டு வாசலையும் மிதிக்க வேணும். ஒரு வீடு தவறினால் "வந்தவையாம், எட்டியும் பாக்கேல்லையாம்" என்று ஒரு வழக்குத் தொடங்கும். அந்த வழக்குக்குத் தவணை உண்டு, தீர்ப்புக் கிடையாது. ஒரு முறை விமான நிலையத்தில் கடவுச்சீட்டுப் பார்த்த அதிகாரி, "சுற்றுலாவோ? எந்தெந்த இடம் பாக்கப் போறீங்கள்?" என்று கேட்டார். நான் மாமா வீடு, சித்தி வீடு, மச்சானின் மாமியார் வீடு என்று விரலை மடித்து எண்ணத் தொடங்கினேன். ஏழாவது விரலில் முத்திரையைக் குத்திப் போ என்று விட்டார்.

2

மச்சானின் மகளுக்குக் கலியாணம், பரிஸில் என்று அழைப்பு வந்தது. அழைப்பு வந்த அன்று பின்னேரம் சுகந்தி குசினியில் நின்று, திரும்பிப் பாராமலே சொன்னா: "இஞ்சருங்கோ, இந்தமுறை எனக்கு ஒரு நாள் வேணும்."

"என்ன நாள்?"

"ஒரு சொந்தக்காரரும் இல்லாத நாள்."

நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. சுகந்தி ஒரு கார்தெறியில் வேலை, அதாவது குழந்தைகளைப் பகலில் பார்க்கிற இடம். விடிய ஏழு மணியிலிருந்து அடுத்தவர் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பிரெஞ்சில் தாலாட்டி, பின்னேரம் வந்து எங்களுக்குச் சமைப்பா. சரி, விடுமுறையில் போனால் ஆறுதல் கிடைக்குமோ? போன வீட்டில் பொம்பிளை ஒருத்தி சும்மா இருக்க ஏலுமோ? விடிய எழும்பி அந்தக் குசினியில் வெங்காயம் உரிப்பா.

"கலியாணம் கட்டி இருபத்தேழு வருசம்" என்றா. "நீங்களும் நானும் ஒரு ஊரைத் தனியப் பாத்திருக்கிறமோ? ஒரு ஊர் சொல்லுங்கோ பாப்பம்."

யோசித்தேன். மொன்றியலையே அப்படிப் பார்க்கவில்லை. வெட்கமாகிவிட்டது.

மகன் அகிலனைக் கூப்பிட்டோம். இருபது வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவன் பிரெஞ்சில் பதில் சொல்லுவான், இடையில் ஒரு "அம்மா" மட்டும் சுத்தத் தமிழாக விழும். சொந்தக்காரர் இல்லாத தலைநகரம் ஒன்று கண்டுபிடி என்றோம். அவன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பட்டியல் எடுத்தான். ஒஸ்லோவா? பெரியப்பாவின் மகன். கொப்பன்ஹேகன்? அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி. பேர்ன்? சித்தப்பா. பிரசெல்ஸ்? வேண்டவே வேண்டாம், அங்கே ஒரு தெருவே எங்கட ஆக்கள். வியன்னாவில் கூட சுகந்தியோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருத்தி இருக்கிறா. கடைசியில் மிஞ்சியது லக்சம்பேர்க் ஒன்றுதான்.

ஒரேயொரு சிக்கல். அங்கிருந்து ஒரு மணித்தியால ரயில் தூரத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜேர்மனியில், ட்ரியர் நகரத்தில் என் பெரியக்கா இருக்கிறா. அத்தானுக்குத் தூரப் பயணம் ஏலாதபடியால் அக்கா கலியாணத்துக்கு வரவில்லை. "திரும்பிப் போக முதல் ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவியோ தம்பி?" என்று தொலைபேசியில் கேட்டா.

என் பக்கத்தில் சுகந்தி நின்றா. என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் அக்காவிடம் சொன்னேன்: "லீவு இல்லை அக்கா. கலியாணம் முடிய அடுத்த நாளே பிளேன்."

என் ஐம்பத்தெட்டு வயதில் அக்காவுக்கு நான் சொன்ன முதல் பொய் அது. எங்களை எல்லாம் ஒவ்வொருவராக ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டவ அவதான். நெஞ்சு பாரமாகக் கிடந்தது. ஆனால் சுகந்தியின் முகத்தைப் பார்த்தபோது பொய் சொன்னது சரி என்றும் பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும்போல.

சுகந்தி மூன்று கட்டளை போட்டா. குடும்ப வட்சப் குழுவில் படம் போடக்கூடாது. வருகிற தொலைபேசியை எடுக்கக்கூடாது. மூன்றாவதுதான் பெரியது: வழியில் தமிழ் முகம் கண்டால் "ஊரில எவடம்?" என்று கேட்கக்கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கட ஆக்களில் எவரும் மூன்று நிமிசத்தில் சொந்தமாகிவிடுவார்கள் என்று அவவுக்குத் தெரியும்.

"உண்ணாணைக் கேக்கமாட்டன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

3

கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் விடிய பரிஸிலிருந்து லக்சம்பேர்க்குக்கு ரயில். இறங்கினால் மழை. சின்ன மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊத்துது. கொண்டுபோன ஒற்றைக் குடையும் ஸ்டேசன் வாசலிலேயே காற்றுக்கு மல்லாந்து இரண்டு கம்பி முறிந்தது.

குடை வாங்கலாம் என்று ஹொட்டல் மேசையில் இருந்த பெண்ணிடம் என்னுடைய மொன்றியல் பிரெஞ்சில், "கிட்டடியில தெப்பனர் எங்க இருக்கு?" என்று கேட்டேன். எங்களுக்கு அது மூலைக்கடை. பாவம் அந்தப் பிள்ளை, "கார் எங்கே நின்றுபோய்விட்டது?" என்று பதைத்துப்போய் விசாரித்தா. அங்கே தெப்பனர் என்றால் பழுதான காரைத் திருத்த வருகிற ஆளாம். முப்பது வருசம் பாடுபட்டுப் படித்த பிரெஞ்சு, சமுத்திரம் தாண்டினதும் குடைக்குப் பதில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறது. சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. குடை வாங்கும் யோசனையை அத்தோடு விட்டோம்.

அந்த நாட்டில் பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் ரிக்கற் கிடையாது. எவரும் ஏறலாம், இறங்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஏறிப் பாருங்கோ தெரியும். அகதியாக வந்து இறங்கின காலத்திலிருந்து கையில் ஒரு ரிக்கற் துண்டு இல்லாமல் நான் எதிலும் ஏறினதில்லை. ட்ராம் ஒவ்வொரு இடத்தில் நிற்கும்போதும் சீருடைக்காரன் ஏறுகிறானோ என்று நெஞ்சு அடிக்கிறது. கேட்டால் காட்ட என்று கடவுச்சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். "உள்ள வையுங்கோப்பா, ஈரக்கையில நனையுது" என்று சுகந்தி பறித்துக் கைப்பைக்குள் வைத்தா.

ஊரின் நடுவில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று. மேலே ஒரு நகரம், கீழே ஒரு பழைய நகரம். மதில் ஓரமாக நடந்துகொண்டு கீழே பார்க்க வேணும், அதுதான் விசேசம். பார்த்தோம். ஒரே வெள்ளைப் புகார், மூடுபனி. ஆறும் இல்லை, வீடும் இல்லை. இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு அந்தரமாகிவிட்டது.

சுகந்தி மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றா. சேலைக்காரி அன்று சப்பாத்தும் நீல மழைக்கோட்டும். முகமெல்லாம் தண்ணி.

"என்ன பாக்கிறீர்? ஒண்டும் தெரியேல்லையே" என்றேன்.

"தெரியாட்டிப் பரவாயில்லை. ஒருத்தரும் 'தேத்தண்ணி குடிப்பமோ' எண்டு கேக்கேல்லைப் பாருங்கோ. அதுவே பெரிய காட்சி."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தா. தெருவில், பட்டப்பகலில்! யாழ்ப்பாணத்து மனிசி, மொன்றியலில் பனியில் சறுக்கி விழப்போனாலும் கையைப் பிடிக்காமல் லைற் கம்பத்தைப் பிடிக்கிறவ. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அரண்மனை வாசலில் ஒரு இராணுவப் பெடியன் மழைக்குள் அசையாமல் நின்றான். நாங்கள் அவன் முன்னால் கால்மணித்தியாலம் நின்று, அவன் எப்ப கண் வெட்டுவான் என்று பந்தயம் பிடித்தோம். அவ வென்றா.

4

ஒரு மணிக்கு மேல் குளிர் எலும்புக்குள் போய்விட்டது. ஒரு சின்னத் தெருவில் சாப்பாட்டுக்கடை ஒன்றுக்குள் புகுந்தோம். சூப் சொன்னோம். சூப் வர முதல், நாங்கள் கேட்காமலே, இரண்டு கோப்பை இஞ்சி போட்ட பிளேன்ரீ வந்தது. கொண்டுவந்தது பரிமாறுகிற பெண் இல்லை. குசினிக்குள் இருந்து வெள்ளை ஏப்ரன் கட்டின ஒரு ஆள். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், மூக்குக்கண்ணாடி, நெற்றியில் காலையில் பூசின திருநீறு பாதி அழிந்து கிடந்தது.

"குளிருக்கு நல்லது, குடியுங்கோ" என்றார். பச்சை யாழ்ப்பாணத் தமிழ்.

"சந்தோசம்" என்றேன். அதோடு வாயை இறுக்கி மூடினேன்.

அவர் போகவில்லை. சும்மா மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார். அவருக்கும் கேட்க வேணும்போலத்தான் இருக்கு, கேட்கச் சங்கடமாக்கும். எனக்கோ கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. மேசைக்கு அடியில் சுகந்தியின் சப்பாத்து என் காலை மிதித்தது. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். சத்தியம் பண்ணின மனுசன் நான். கடைசியில் அவர் திரும்பி இரண்டு அடி வைத்தார். அப்பாடா, தப்பினோம்.

"தம்பி" என்று ஒரு குரல். "ஊரில எவடம்?"

கேட்டது சுகந்தி.

அந்த ஆள் முகம் மலர்ந்து வந்து எங்கட மேசையிலேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். "அளவெட்டி அக்கா. பேர் ரமணன். நீங்கள்?"

"நாங்கள் சுன்னாகம். இவற்ர பெரியக்கா அளவெட்டியிலதான் கட்டினவ, இப்ப ஜேர்மனியில" என்று சுகந்தி சொல்லி முடிக்கவில்லை.

"ஆர், சிவராசா அண்ணையின்ர மனிசியோ? ட்ரியரில இருக்கிற? எட கடவுளே! நான் வந்த புதுசில ஞாயிற்றுக்கிழமை எண்டால் அந்த அக்கா வீட்டைதான் சாப்பாடு. நான் மட்டுமே? பத்துப் பதினைஞ்சு பெடியள். பொறுங்கோ, அக்காவுக்கு ஒரு கோல் எடுப்பம்."

"வேண்டாம் தம்பி" என்று நானும் சுகந்தியும் ஒரே குரலில் சொன்னோம். காது கேட்டால்தானே? வீடியோ கோல் போய்விட்டது. மூன்று நிமிசம் என்று சொன்னேனே, இரண்டரையும் ஆகவில்லை.

திரையில் முதலில் ஒரு குசினிக் கூரை வந்தது. பிறகு அக்காவின் பாதி நெற்றி. "ஆர் ரமணனோ? என்ன ராசா இந்த நேரம்?" ரமணன், "ஆர் வந்திருக்கினம் எண்டு பாருங்கோவன்!" என்று தொலைபேசியை என் பக்கம் திருப்பினார்.

நான் சொன்ன கணக்குப்படி அந்த நேரம் நான் மொன்றியலில், என் வீட்டில். ஈரத் தலையோடு லக்சம்பேர்க்கில் ஒரு சூப்புக் கோப்பைக்கு முன்னால் இருக்கிறேன். வாயில் வந்தது இதுதான்: "அக்கா, பிளேன் பிந்திப்போச்சு."

அக்கா என்னைப் பார்த்தா. பக்கத்தில் இருந்த சுகந்தியையும் பார்த்தா.

"மழையோ அங்க?"

"ஓம் அக்கா."

"குடை கிடக்கோ?"

"கிடந்தது. முறிஞ்சுபோச்சு."

"ஸ்டேசனில நில்லுங்கோ. வாறன்." கோல் கட்டாகிவிட்டது.

5

ரமணனுக்கு விசயம் விளங்கி, முகம் சுண்டிப்போய் நின்றார். பிழை உங்களில் இல்லை என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

"மூண்டாம் கட்டளை ஆர் போட்டது?" என்றேன். கோபமில்லை, பகிடிதான்.

"நான்தான். என்ன செய்யிறது? கேக்காமல் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டந்து வைச்ச மனிசன் பேசாமல் திரும்பிப் போகேக்க, விட்டுட்டு இருந்தால் நான் என்ன மனிசி?" என்றா. பிறகு கண் கலங்கிவிட்டது. "ஒரு முழு நாள் கேட்டன். அரை நாள் கிடைச்சிட்டுது. அது காணும்."

அந்தக் 'காணும்' எனக்குச் சுருக்கென்று குத்தியது. மழைக்குள் நடுத்தெருவில் நின்று, "அக்காவை வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ?" என்றேன்.

"விசரே உங்களுக்கு? இந்நேரம் ரயில் ஏறியிருப்பா. வயசு போன மனிசி மழைக்குள்ள வாறா."

ஸ்டேசனில் வாங்கில் இருந்தோம். இனி நடக்கப்போவது எனக்குத் தெரியும். அக்கா இறங்குவா. ஒரு கையில் இடியப்பப் பெட்டி, மற்றக் கையில் கறிச்சட்டி. முதலில் சாப்பிடச் சொல்லுவா. சாப்பிட்டு முடிய அழுவா. பிறகு வீட்டை கூட்டிக்கொண்டு போவா. சுகந்தி நாளைக்கு விடிய ட்ரியரில் வெங்காயம் உரிப்பா. நாங்கள் ரயில் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

6

அக்கா இறங்கினா. சாம்பல் கோட்டு, கழுத்தில் சால்வை, கைப்பை ஒன்று, நல்ல பெரிய குடை ஒன்று. இடியப்பப் பெட்டி இல்லை. கறிச்சட்டி இல்லை. அக்காவை வெறுங்கையோடு நான் கண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

சுகந்தி எழும்பிப் போய், "மச்சாள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவரில பிழை இல்லை. பொய் சொல்லச் சொல்லி நான்தான் கேட்டனான். சொந்தக்காரர் இல்லாமல் ஒரு நாள் ஊர் பாக்க ஆசைப்பட்டன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டா.

அக்கா அவவின் ஈரக் கன்னத்தைச் சால்வைத் தலைப்பால் துடைத்தா. "கோவம்தான் சுகந்தி. ரயிலில வரேக்க நல்லா அழுதனான். பேந்து யோசிச்சன். உமக்கு வந்த யோசினை எனக்கு முப்பத்தைஞ்சு வருசமா வரேல்லையே எண்டு அதில இன்னும் கூடக் கோவம்."

நான் நடுவில் புகுந்து, "அக்கா, நீங்கள் இஞ்ச கிட்டத்தானே இருக்கிறியள். இந்த ஊர் பாத்திருப்பியள்" என்றேன்.

"மாசத்துக்கு ஒருக்கா வாறனான்" என்றா அக்கா. "எல்லை தாண்டினவுடன பெற்றோல் ஸ்டேசன் ஒண்டு கிடக்கு. உன்ர அத்தான் மலிவெண்டு பெற்றோல் அடிப்பார். நான் கோப்பித்தூள் வாங்குவன். அதோட கார் திரும்பிவிடும். வீட்டில ஆரேன் வந்து நிப்பினம், சமைக்க வேணும்."

பொய் சொல்லக்கூடாது. ஐரோப்பாவில் நான் ஒன்றுமே பார்க்கவில்லை என்று மேலே எழுதினேனே, ஒன்று பார்த்திருக்கிறேன். ட்ரியரில் ரோமர் காலத்துக் கல்வாசல் ஒன்று இருக்கிறது. இரண்டு தரம் போனபோதும் அத்தான் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நாங்கள் ஆம்பிளைகள் வாசலைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, பசியோடு வீடு திரும்பினோம். அந்த நேரம் அக்காவும் சுகந்தியும் குசினியில். இதை ஜினெத்துக்கு நான் சொல்லவே இல்லை, ஏனென்றால் ஸ்டேசனில் நிற்கும்வரை எனக்கே அது ஞாபகம் வரவில்லை.

"சரி, எங்க கூட்டிக்கொண்டு போறீர்?" என்று அக்கா சுகந்தியைக் கேட்டா.

சுகந்தி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய குடையை விரித்து, இரண்டு பேரும் ட்ராமுக்கு நடந்தார்கள். நான் முறிந்த குடையோடு பின்னால்.

மழை விட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். விடவில்லை. பள்ளத்தாக்குக்கு இறங்க மலையோடு ஒட்டி ஒரு கண்ணாடி லிப்ற் இருக்கிறது. அதில் அக்கா மூன்று தரம் ஏறி இறங்கினா. பாதி வழியில் புகார் விலகி, கீழே ஆறும் கூரைகளும் தெரிந்தபோது, "ஐயோ சுகந்தி, அங்க பாரும்! பாரும்!" என்று கத்தினதில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் எல்லோரும் பார்த்தார்கள். அரண்மனை வாசலில் காவல் மாறி, வேறு ஒரு பெடியன் நின்றான். "இந்தப் பிள்ளை எப்ப சாப்பிட்டதோ தெரியாது" என்றா அக்கா. சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு சிரித்தா. அப்படிச் சிரிக்கிற அக்காவை நான் சின்ன வயதில்கூடக் கண்டதாக ஞாபகமில்லை.

நடுவில் அத்தான் தொலைபேசி எடுத்தார். இரவுச் சாப்பாடு என்ன மாதிரி என்று கேட்டிருக்க வேணும்.

"பாண் கிடக்கு. பட்டர் கிடக்கு" என்றா அக்கா. "கத்தி எங்க கிடக்கெண்டு தெரியும்தானே?" வைத்துவிட்டா.

பொழுது சாய, அக்காவை ரயில் ஏற்றப் போனோம். "என்னோட வீட்டை வாங்கோவன்" என்று அவ கேட்பா, நாங்களும் போவோம் என்றே நான் நினைத்திருந்தேன். சுகந்தியும் அப்படித்தான் நினைத்திருப்பா, ஹொட்டலில் இருந்து பெட்டியை எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று என்னை மெல்லக் கேட்டா. அவவின் குரலில் இப்போது வருத்தம் இல்லை.

"உம்மட நாளைக் கெடுத்துப்போட்டனே, சுகந்தி?" என்றா அக்கா.

"ஆர் கெடுத்தது? ரெண்டு பொம்பிளையள் ஊர் பாத்தம். இவர் பின்னால வந்தார்."

ரயில் வந்தது. அக்கா ஏறினா. படியில் நின்றபடி திரும்பினா. ஆயுள் முழுக்க வந்தவனுக்கெல்லாம் கதவு திறந்துவிட்ட மனிசி, எங்கட சனத்தில் எவரும் இதுவரை சொல்லியிராத ஒன்றைச் சொன்னா:

"அடுத்தமுறை வந்தால் வீட்டை வராதேங்கோ. எந்த ஊர் எண்டு சொல்லுங்கோ, நான் அங்க வாறன்."